யுகாத்தா முதல் ஹான்தென் வரை: வேளைக்கு ஓர் உடை, உடலுக்கு ஒரு சுகம்!

ஜப்பானியர் வீட்டு வாசலை ஒட்டி, தரையைவிடக் கொஞ்சம் தாழ்வாக ஓர் இடம் இருக்கும். ‘கென்கான்’ என்று பெயர். வெளியே போட்டுத் திரிந்த செருப்பு, ஷூ எல்லாம் அங்கேயே நின்றுவிடும். நமக்கும் அந்தப் பழக்கம் உண்டு என்பதால் இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. அவர்கள் செருப்போடு நிறுத்துவதில்லை, அதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். வெளியே உடுத்திய உடுப்பையும் களைந்து, வெந்நீரில் ஆற அமர முங்கி எழுந்து, வீட்டுக்கென்றே வைத்திருக்கும் உடைக்குள் புகுந்துகொள்வது அவர்களுடைய பழைய வழக்கம்.

அந்த வீட்டு உடையும் ஒன்றே ஒன்று அல்ல. குளித்து எழுந்ததும் உடுத்த ஒன்று, புழுக்கத்துக்கு ஒன்று, வீட்டு வேலைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர்.

“அதெல்லாம் சரி டாக்டர், சித்த மருத்துவருக்கு ஜப்பான் துணியில் என்ன வேலை?” என்று நீங்கள் கேட்கலாம். சித்த மருத்துவத்தில் ‘நோய் அணுகா விதி’ என்று ஒரு பகுதியைப் படிக்கிறோம். நாளொழுக்கம், காலவொழுக்கம் என்று குளியல், உணவு, உறக்கம், உடை எல்லாவற்றையும் வேளைக்கும் பருவத்துக்கும் ஏற்ப அமைத்துக்கொள்ளச் சொல்வது அது. ஜப்பானியரின் உடைப் பெட்டியைத் திறந்தால், அதே எண்ணம் துணியாக மடித்து வைக்கப்பட்டிருக்கிறது! தவிர, பிள்ளைகள் ஜப்பானில் வேலை பார்க்கும் குடும்பங்கள் இப்போது நம்மிடையே நிறைய. “பையன் பார்சல் அனுப்பியிருக்கான். எதை எப்போ உடுத்தணும்னே தெரியலைங்க” என்று கேட்பவர்களுக்கும் இது உதவும்.

குளித்து எழுந்ததும்... யுகாத்தா

கிமோனோ என்ற பெயர் எல்லோருக்கும் தெரியும். பட்டில், பல அடுக்காக உடுத்துவது விசேஷங்களுக்கான கிமோனோ. அதன் எளிய தங்கைதான் யுகாத்தா. ஒரே அடுக்குப் பருத்தித் துணி. உள்ளே லைனிங் கிடையாது.

‘யு’ என்றால் வெந்நீர். பழங்காலத்தில் பிரபுக்கள் நீராவிக் குளியலுக்குள் போகும்போது நார்த்துணியில் தைத்த ஓர் அங்கியை உடுத்திப் போவார்கள். ‘யுகாத்தாபிரா’ என்பது அதன் பெயர். அதுதான் சுருங்கி யுகாத்தா ஆயிற்று. எதோ காலத்தில் (1603 முதல் 1868 வரை) பருத்தி சாதாரண ஜனங்களுக்கும் கிடைக்கத் தொடங்கியது. பொதுக் குளியல் கூடங்களும் பெருகின. குளித்து எழுந்ததும் உடம்பில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் வியர்வையையும் உறிஞ்ச இதைப் போர்த்திக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்கள். ஆகப் பிறப்பிலேயே இது பாதி துண்டு, பாதி உடுப்பு!

இன்றும் ‘ரியோகான்’ எனப்படும் பாரம்பரிய விடுதிகளில் தங்குபவர்களுக்கு அறையிலேயே யுகாத்தா மடித்து வைத்திருப்பார்கள். குளிக்கப் போக, சாப்பிட, தூங்க எல்லாவற்றுக்கும் அதுவேதான். ஹியோகோ மாநிலத்தில் கினோசாகி என்ற வெந்நீர் ஊற்று ஊர் இருக்கிறது. அங்கே ஏழு பொதுக் குளியல் கூடங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மக்கள் யுகாத்தாவோடு வீதியில் நடந்துபோவது சர்வ சாதாரணம்.

உடுத்தும்போது ஒன்றை மறக்கக்கூடாது. வலப்பக்க முனையை முதலில் உடம்போடு அணைத்து, இடப்பக்க முனையை அதன்மேல் போர்த்த வேண்டும். ஆண், பெண் இருவருக்கும் இதே முறைதான். கி.பி. 719-லேயே அரச ஆணையாக வந்த வழக்கம் இது. மாற்றிப் போட்டால் அங்கே பதறிப்போவார்கள். ஏனென்றால் இறந்தவர்களுக்குத்தான் அப்படி உடுத்துவார்கள்.

தூக்கத்துக்கு நெமாகி

பார்வைக்கு யுகாத்தா போலவே இருக்கும், உறங்குவதற்கென்றே தைத்த அங்கி நெமாகி. காயத்துக்குக் கட்டும் சல்லாத்துணி தெரியுமல்லவா? அதைப்போல மெல்லிய நெசவை இரண்டு அடுக்காகச் சேர்த்து இதைத் தைப்பார்கள். அடுக்குகளுக்கு நடுவே காற்று தங்கும். துவைக்கத் துவைக்க மென்மையாகும்.

இந்த உடைமீது எனக்குத் தனி மரியாதை உண்டு. காரணம், நோயாளி. ஜப்பானில் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் நெமாகி வகை உடைக்கு நெடுங்கால இடம் உண்டு. முன்பக்கம் முழுக்கத் திறக்கும். தலைவழியாக மாட்டவேண்டிய அவசியமில்லை. பக்கவாதத்தில் ஒரு கை விழுந்துபோன பெரியவருக்கு ஜிப்பாவோ நைட்டியோ மாட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும். வலியில் அவர் முனக, மாட்டுகிறவர் தவிக்க, தினமும் ஒரு போராட்டம்!

முன்திறப்பு உடை இருந்தால் வேலை சுலபம். உடுத்தும்போது முதலில் பாதிக்கப்பட்ட கையை நுழையுங்கள், பிறகு நல்ல கையை. கழற்றும்போது முதலில் நல்ல கை, கடைசியில் பாதிக்கப்பட்ட கை. இந்த ஒழுங்கை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தோள்மூட்டு நழுவும் ஆபத்து உண்டு.

புழுக்கத்துக்கு ஜின்பெய், ஸ்தெதெகோ

ஜப்பானின் கோடையைப் பனிநாட்டுக் கோடை என்று நினைத்துவிடாதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் டோக்கியோ, ஒசாகா நகரங்களில் வெப்பநிலை 35 டிகிரியைத் தாண்டும். ஈரப்பதமும் அதிகம். ‘நசநச’வென்று வியர்க்கும் வெயில்.

அதற்கு அவர்கள் கண்ட உடை ஜின்பெய். இடுப்புக்குக் கீழே வரும் அரைக்கை மேலுடை, முழங்கால் அளவு டிரவுசர். மேலுடையை உள்ளே ஒன்று, வெளியே ஒன்றாக நாடாக்களால் பக்கவாட்டில் முடிந்துகொள்ளலாம். பட்டன் கிடையாது. கையும் உடலும் சேரும் இடத்தை நெருக்கித் தைக்காமல், கயிற்றுப் பின்னல் போட்டு இடைவெளி விட்டிருப்பார்கள். அந்த இடைவெளி வழியாக அக்குளுக்குக் காற்று போகும். ஆண்களும் குழந்தைகளும் உடுத்திவந்தது, இப்போது பெண்களுக்கும் கிடைக்கிறது.

ஸ்தெதெகோ என்பது முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும் தொளதொளப்பான உள்கால்சட்டை. நம்ம ஊர்த் தாத்தாக்களின் பட்டாபட்டி டிரவுசருக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! இதற்கான துணிக்குப் பெயர்போனது பிவா ஏரிக்கரையிலுள்ள தகாஷிமா. அங்கே நெய்யும் ‘சிஜிமி’ துணி மேடும் பள்ளமுமாகச் சுருங்கியிருக்கும். அந்த மேடு மட்டும்தான் தோலைத் தொடும். பள்ளத்தில் காற்று ஓடும். வியர்த்தாலும் துணி தோலோடு ஒட்டாது.

வெகுநாள் ‘கிழவர் உடை’ என்று ஒதுக்கப்பட்டிருந்த ஸ்தெதெகோவை இளைஞர்கள் திரும்பிப் பார்த்த காலமும் வந்தது. 2011 மார்ச்சில் நிலநடுக்கமும் சுனாமியும் ஃபுகுஷிமா அணு உலை விபத்தும் நேர்ந்தபின், அந்தக் கோடையில் மின்சாரப் பற்றாக்குறை. ஏ.சி.யைக் குறைத்து இலேசாக உடுத்தச் சொல்லி அரசே பிரசாரம் செய்தது. தாத்தா உடைக்கு மவுசு கூடியது!

நம் வீடுகளுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. கோடையில் இடுப்பு அரிப்பு, தொடை இடுக்கில் படர்தாமரை, வேர்க்குரு என்று என்னிடம் வருபவர்களை நான் முதலில் கேட்பது, “வீட்டில் என்ன உடுத்துறீங்க?” என்றுதான். இறுக்கமான எலாஸ்டிக், பாலியெஸ்டர் ஷார்ட்ஸ், நைலான் கலந்த நைட்டி என்று பதில் வரும். வியர்வை வெளியேற வழியில்லாத இடத்தில் பூஞ்சைக் கிருமி குடியேறாமல் என்ன செய்யும்? மருந்து ஒரு பக்கம், துணி மாற்றம் இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்தால்தான் குணம் நிலைக்கும்.

வேலைக்கு சாமுயே

‘சாமு’ என்பது ஜென் மடங்களில் துறவிகள் செய்யும் அன்றாட உடலுழைப்பு. பெருக்குவது, துடைப்பது, விறகு பிளப்பது, தோட்ட வேலை. அப்போது உடுத்துவது சாமுயே. நீளக் கை மேலுடை, கணுக்கால்வரை பேன்ட். மேலுடையை நாடாவால் முடிந்துகொள்வார்கள். வேலைக்குத் தடையாகத் தொங்காதபடி கைமுனையும் கால்முனையும் குறுகியிருக்கும். இன்று குயவர்கள், கைவினைஞர்கள், ஓய்வுபெற்றவர்கள் என்று பலரும் வீட்டில் உடுத்துகிறார்கள். கோடைக்கு மெல்லியது, குளிருக்குக் கனத்தது என்று பருவத்துக்கேற்பக் கிடைக்கும்.

ஜின்பெய்க்கும் சாமுயேவுக்கும் குழப்பம் வராமலிருக்க ஒரு சின்ன அடையாளம்: அரைக்கை, அரைக்கால் என்றால் ஜின்பெய். முழுக்கை, முழுக்கால் என்றால் சாமுயே.

குளிருக்கு ஹான்தென், தன்ஸென்

பழைய ஜப்பானிய வீடுகளில் வீடு முழுவதையும் சூடாக்கும் ஏற்பாடு கிடையாது. மனிதனைச் சூடாக்குவார்கள், வீட்டை அல்ல! பஞ்சு திணித்த குட்டை மேல்கோட்டான ஹான்தென் அதற்குத்தான். கை சற்று அகலமாக, முன்பக்கம் இரண்டு நாடாவோடு இருக்கும். இதைப் போட்டுக்கொண்டு ‘கோதாட்சு’ என்ற, அடியில் சூடேற்றிப் போர்வை போர்த்திய தாழ்மேசைக்குள் காலை நீட்டி உட்கார்ந்தால் குளிர்காலம் ஓடிவிடும். ஃபுகுஓகா மாநிலத்தின் குருமே பகுதி ஹான்தெனுக்குப் பேர்போனது.

கணுக்கால்வரை நீண்ட, பஞ்சு திணித்த பெரிய அங்கி தன்ஸென். டோக்கியோ பக்கம் இதையே தோதெரா என்பார்கள். குளிர்காலத்தில் விடுதிகளில் யுகாத்தாவுக்கு மேல் போர்த்திக்கொள்ளத் தருவார்கள்.

இங்கே ரத்த அழுத்தம், இருதயக் கோளாறு உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜப்பானில் குளிர்காலக் குளியலின்போது மயங்கித் தொட்டியிலேயே உயிரிழக்கும் முதியவர்கள் ஏராளம். குளிர்ந்த அறையில் உடை களையும்போது ரத்த அழுத்தம் எகிறுகிறது. சுடுநீரில் இறங்கியதும் சரிகிறது. இந்த ஏற்ற இறக்கம்தான் எமன். அதனால்தான் நீர் 41 டிகிரிக்கு மேல் வேண்டாம், தொட்டியில் 10 நிமிஷத்துக்கு மேல் வேண்டாம் என்று அந்நாட்டு நுகர்வோர் விவகார முகமையே சொல்கிறது. பிள்ளைகளோடு தங்கப் போகும் பெரியவர்கள் உடை மாற்றும் இடத்தை முதலில் சூடாக்கிவிட்டு, ஹான்தெனைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போகவும்.

வயிற்றுக்கு ஹராமாகி

‘ஹரா’ என்றால் வயிறு, ‘மாகி’ என்றால் சுற்று. பனியன் துணிபோல இழுபடும், வயிற்றையும் இடுப்பையும் சுற்றி மூடும் பட்டை இது. இடி இடிக்கும்போது வயிற்றைத் திறந்துபோட்டால் இடித் தேவன் தொப்புளைத் திருடிக்கொண்டு போய்விடுவான் என்று குழந்தைகளுக்கு அங்கே கதை சொல்வார்கள். இரவில் போர்வையை உதைத்துவிடும் குழந்தையின் வயிறு குளிர்ந்துவிடாமல் காக்க ஒரு தந்திரம்! ராத்திரி முழுக்க ஏ.சி.யில் படுப்பவர்களுக்கும் இது இதமாக இருக்கும். ஆனால் இதமான அணைப்புதான் வேண்டும், இறுக்கம் வேண்டாம். சாப்பிட்ட உடனே இறுக்கிக் கட்டினால் நெஞ்செரிச்சல்தான் மிஞ்சும்.

நம்ம சாந்தோம் அங்கே போன கதை

17, 18-ஆம் நூற்றாண்டுகளில் நம் சோழமண்டலக் கரையில் நெய்த கோடுபோட்ட பருத்தித் துணிகள் டச்சுக் கப்பல்களில் நாகசாகித் துறைமுகத்துக்குப் போய் இறங்கின. அந்தத் துணிக்கு ஜப்பானியர் வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘சந்தோமே’! மயிலாப்பூரை ஒட்டிய நம் சாந்தோமின் போர்ச்சுக்கீசியப் பெயரிலிருந்து வந்தது. எதோ நகரவாசிகள் அதன்மேல் பைத்தியமாக இருந்தார்கள். பிறகு அவர்களே அதேபோல் நெய்யக் கற்றுக்கொண்டார்கள். இன்று தன்ஸெனிலும் ஹான்தெனிலும் ஜின்பெய்யிலும் கோடுகளைப் பார்த்தால், கொஞ்சம் நம் தறியின் வாசனையும் அதில் இருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

சரி, எங்கே வாங்குவது?

ஜப்பானில் இருப்பவர்கள், அல்லது அங்கே போகிறவர்கள் மூலம் வாங்குவதுதான் நல்ல வழி. துணியைத் தொட்டுப் பார்க்கலாம், அளவு பார்க்கலாம்.

* அன்றாட உபயோகத்துக்கு: ஏயான் போன்ற பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளின் துணிப்பகுதி. யுகாத்தா, ஜின்பெய் இரண்டும் கோடை தொடங்கும்போது வந்து குவியும். ஹான்தென் இலையுதிர் காலத்தில் வரும். பருவம் தப்பினால் கிடைப்பது கஷ்டம்.

* தரமான யுகாத்தாவுக்கு: மிட்சுகோஷி, தகாஷிமாயா போன்ற பெரிய பல்பொருள் அங்காடிகளின் கிமோனோ பகுதி. மிட்சுகோஷி 1673-லும் தகாஷிமாயா 1831-லும் துணிக்கடைகளாகவே பிறந்தவை. விலை கூடுதல்தான்.

* சிக்கன வழி: கியோத்தோவின் தோஜி கோயிலில் மாதந்தோறும் 21-ஆம் தேதியும், கிதானோ தென்மாங்கூ கோயிலில் 25-ஆம் தேதியும் சந்தை கூடும். பழைய கிமோனோ, யுகாத்தாக்கள் அங்கே மலிவு. வாங்கியதும் துவைத்து வெயிலில் காயவைத்துத்தான் உடுத்த வேண்டும்.

* ஊர்ப் பெயரோடு வாங்க: ஹான்தெனுக்குக் குருமே, சிஜிமி துணிக்குத் தகாஷிமா, சாயமுடிச்சு யுகாத்தாவுக்கு நாகோயாவிலுள்ள அரிமாட்சு.

* விடுதி யுகாத்தா: இது விடுதியின் சொத்து. பெட்டியில் வைத்துக்கொண்டு வந்துவிடக் கூடாது! பிடித்திருந்தால் வரவேற்பில் விலைக்கு உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

சுற்றுலாத் தலங்களில் டிராகன் படமும் செர்ரிப் பூவும் போட்டுப் பளபளவென்று தொங்கும் ‘கிமோனோ’க்களிலும், இணையத்தில் அதே பெயரில் விற்கும் சாட்டின் நைட்டிகளிலும் பெரும்பாலானவை பாலியெஸ்டர். போட்டோவுக்கு அழகு. வியர்வையை உறிஞ்சாது. எந்த உபயோகத்துக்காக இந்த உடை பிறந்ததோ, அது இதில் இல்லை.

வாங்கும்போது பாருங்கள்

ஜப்பானில் துணியின் கலவையை லேபிளில் எழுத வேண்டும் என்பது 1962-லிருந்து சட்டம். ‘மென்’ என்றால் பருத்தி, ‘அசா’ என்றால் லினன் போன்ற நார்த்துணி. லேபிளைக் கடைக்காரரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள். கோடை உடைக்கு முழுப் பருத்தியோ, பருத்தியும் அசாவும் கலந்ததோ நல்லது. ஹான்தெனில் பஞ்சு கட்டிதட்டாமல் இருக்கக் கொஞ்சம் பாலியெஸ்டர் சேர்ப்பதுண்டு. அதனால் குற்றமில்லை.

நீலச் சாயம் போட்ட துணியை முதல் சில தடவை தனியாகத் துவையுங்கள். நிழலில் உலர்த்துங்கள். பருத்தி சற்றுச் சுருங்கும், அதற்கும் இடம் விட்டு வாங்குங்கள்.

பெரியவர்களுக்கு வாங்குகிறவர்கள் நீளத்தைக் கவனியுங்கள். அங்கியின் விளிம்பு கணுக்காலுக்கு மேலேயே நிற்க வேண்டும். ராத்திரி பாத்ரூம் போக எழும்போது விளிம்பு தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அந்த ஒரு விழுதல் மிச்ச வாழ்நாளையே மாற்றிவிடும். தள்ளாடி நடப்பவர்களுக்கு அங்கியைவிட ஜின்பெய் அல்லது சாமுயே பாதுகாப்பு. ‘ஓபி’ என்ற இடுப்புக் கச்சையையும் தொங்கவிடாமல் செருகிவிட வேண்டும்.

அடுப்படிக்கு வேண்டாம்!

அகலக் கையும் எரியும் அடுப்பும் பகையாளிகள். சமைக்கும்போது உடையில் தீப்பற்றி இறக்கும் முதியவர்கள் ஜப்பானிலும் இருக்கிறார்கள். இதுபற்றி அங்கே அரசு அடிக்கடி எச்சரிக்கிறது. இதற்கும் அந்தக் காலப் பெண்கள் வழி வைத்திருந்தார்கள். ‘தாசுகி’ என்ற நாடாவால் கைகளைத் தோளோடு இழுத்துக் கட்டுவார்கள். பிறகு ‘கப்போகி’ வந்தது. முன்பக்கம் முழுக்க மூடி, கை முனையில் எலாஸ்டிக் வைத்த சமையல் மேலங்கி அது. யுகாத்தாவோ ஹான்தெனோ உடுத்திக்கொண்டு, “ஒரு டம்ளர் பால்தானே” என்று அடுப்பருகே போகாதீர்கள். விளக்கேற்றும்போதும் இதே ஜாக்கிரதை வேண்டும்.

அப்படியும் துணியில் தீப்பற்றினால் ஓடக்கூடாது. ஓடினால் தீ வளரும். தரையில் படுத்து உருள வேண்டும், பக்கத்தில் தண்ணீர் இருந்தால் ஊற்ற வேண்டும். வெந்த இடத்தைக் குழாய் நீரில் 20 நிமிஷம் குளிரவைத்து, உடனே மருத்துவமனைக்குப் போகவும். எண்ணெய், மாவு, பேஸ்ட், மை எதையும் தடவ வேண்டாம். சித்த மருத்துவனாகிய நானே சொல்கிறேன், அந்த நேரத்தில் தண்ணீர்தான் மருந்து.

ஜப்பானிலிருந்து பார்சல் வராவிட்டாலும் கவலை வேண்டாம். வீட்டில் மெல்லிய பருத்தித் துணி இருக்கிறது, தெருவில் தையற்காரர் இருக்கிறார். முன்பக்கம் திறந்து நாடா முடியும் ஓர் அரைக்கை மேலுடையும், தொளதொளப்பான அரைக்கால் டிரவுசரும் தைத்துக் கொடுப்பது அவருக்குப் பெரிய வேலை இல்லை. முதல் ஜோடியைப் படுக்கையிலிருக்கும் பெரியவருக்குத் தையுங்கள். இரண்டாவதை நீங்கள் உடுத்திப் பாருங்கள்.